அஸருக்குப் பிறகு வந்த சிவப்பு முகம்

முகமூடியின் வார் தாடிக்குள் சிக்கிக்கொண்ட நேரம் பார்த்துத்தான் வாசலில் ஆசியா உம்மாவின் குரல் கேட்டது.

"மஸாஹிர் மகன், வீட்டிலயா?"

மஸாஹிர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். பூட்டிய அறைக்குள், கட்டில் விளிம்பில், முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தின்மேல் பிளாஸ்டிக்கில் செய்த இன்னொரு முகம் இருந்தது. அதற்குள் கடுகு தெளித்ததுபோலச் சின்னச் சின்ன விளக்குகள். அத்தனையும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

கற்பிட்டியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு மனிதருக்கு இது தேவையா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் எல்லோரும் பிற்பாடு கேட்டார்கள்.

மஸாஹிர் அழகு பார்க்கிற ஆளே இல்லை. மனைவி மௌத்தாகிப் போன பிறகு அவர் வீட்டுக் கண்ணாடியில் தூசுதான் முகம் பார்த்தது. பகலில் கடை, களப்போரத்தில் கருவாடு காயப்போடும் வாடி. பொழுதுபட்டால் அடுத்த வீட்டிலிருந்து தங்கச்சி றைஸா மூடி அனுப்பும் சோறு. அந்தச் சோற்றை அவர் குசினியில் நின்றுகொண்டே சாப்பிடுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்று றைஸா கேட்டதற்கு, "எதிரில இன்னொரு கதிரை சும்மா கெடக்கும்" என்றாராம். 

இப்படிப்பட்டவரை மாற்றியது றிஸ்மினா டீச்சர். ஆலங்குடாவில் படிப்பிக்கிறவர். தொண்ணூறில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து அங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம். தங்கைமாரைக் கரைசேர்த்த கையோடு அவருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அவர் ஒருநாள் கடைக்கு வந்து, கட்டாக் கருவாட்டில் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"இது ஒருக்கா மழையில நனஞ்சு பொறகு காஞ்சது."

உண்மைதான். அதுவரை ஒருவரும் கண்டுபிடிக்காத உண்மை. மஸாஹிர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைக் கேட்டு அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார் என்றால் நம்ப வேண்டும். டீச்சர் இரண்டு கன்னங்களும் மறையும்படி முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தார். "தூசு" என்றார். ஆகவே மஸாஹிர் கண்டது கண்கள் இரண்டையும்தான். அதுவே போதும் என்று அன்று பின்னேரமே ஆசியா உம்மாவிடம் போய்விட்டார்.

எங்கள் தெருவில் நடந்த கலியாணங்களில் பாதி ஆசியா உம்மா பேசி முடித்தவை. மற்றப் பாதியினர் அவரிடம் சொல்லாமல் முடித்ததற்கு இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஆலங்குடாவுக்குப் போய் வந்து செய்தி சொன்னார்.

"பொண்ணுட நானா உசனார் சம்மதம் மாதிரித்தான். நல்ல ஓதுற புள்ள, மகன். அஸருக்குப் பொறகு நான் போனா, அறைக் கதவப் பூட்டிக்கொண்டு இரிக்கிறா. பொழுதுபட்டு மஃரிபு ஆகுமட்டும் ஆரு வந்தாலும் தொறக்க மாட்டாவாம். பொறகுதான் நான் கண்டன்."

"என்ட விஷயம் சொன்னீங்களா?"

"சொன்னன். மாட்டன் எண்டு சொல்லல்ல. நீங்க ஒருக்காப் போய் மொகத்தக் காட்டோணும்." ஆசியா உம்மா எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் திரும்பினார். "அந்த மொகத்தத்தான் மகன், கொஞ்சம் பாத்துக்கொங்க. ரெண்டு கன்னமும் வாடியில காயப்போட்டு எடுத்த மாதிரிக் கெடக்கு."

சொன்னவர் போய்விட்டார். மஸாஹிர் கண்ணாடியைத் துடைத்தார். வெயிலும் உப்புக் காற்றும் இத்தனை வருஷமாக அங்கே என்ன செய்து வைத்திருக்கின்றன என்று அன்றுதான் கண்டார்.

றைஸாவின் மகள் றுஷ்னா ஃபோன் வழியாகக் கிறீம், சோப்பு என்று விற்கிறவள். மாமா அவளைத் தனியே கூப்பிட்டு, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார்.

"கூட்டாளி ஒருத்தனுக்கு மொகத்தில கறுப்பு. என்ன பூசுறது?"

"ஒங்கட கூட்டாளிக்குத் தாடி இரிக்கா, மாமா?"

மஸாஹிர் தாடியைத் தடவியதைப் பார்த்து அவள் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தாள். "கிறீம் எல்லாம் பழசு. இப்ப லைட்தான். இது மாஸ்க்."

"கொரோனாவுக்குப் போட்டமே, அதா?"

"அது வாய்க்கு. இது மொகம் முழுக்க. சிவப்பு சுவிச்ச அமத்தினா ஒங்கட வயசுக்காரங்களுக்கு. கறுப்பு, சுருக்கம் எல்லாம் கொறயுமாம். நீலம் பரு வாறவங்களுக்கு. பெட்டியில அப்பிடித்தான் போட்டிரிக்கு. ரெண்டு எடுத்தன், ஒண்டு போயிட்டு."

"ஆரு எடுத்தது?"

"பேர் சொல்ல மாட்டன். ஒங்கட பேரையும் சொல்ல மாட்டன்."

இது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் மஸாஹிர் அறையைப் பூட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்த றைஸா மட்டும் ஒருதரம் சொன்னார்: "மீன வெயில்ல காயப்போடுறீங்க, மொகத்த லைட்டில காயப்போடுறீங்க. அல்லாஹ்தான் காப்பாத்தோணும்."

இனி வாசலில் நிற்கும் ஆசியா உம்மாவிடம் வரலாம்.

பதில் வராவிட்டால் திரும்பிப் போவது மற்றவர்களின் பழக்கம். ஆசியா உம்மா வீட்டைச் சுற்றிப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அது கச்சான் காற்று வீசும் காலம். கற்பிட்டியில் அந்தக் காலத்தில் திரைச்சீலையை நம்பி எந்த இரகசியமும் வைக்க முடியாது. ஒரு வீச்சில் சீலை முகட்டுக்குப் போனது.

ஆசியா உம்மா கண்டது ஒரு முகம். தணல்போலச் சிவந்து, வாயில்லாமல், அசையாமல் இருந்தது. கீழே கறுத்த தாடி தொங்கியது. அது மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

அவர் கத்தவில்லை. ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த வெங்காயச் சாக்குகளின்மேல் சத்தமில்லாமல் சரிந்தார்.

மஸாஹிர் வாரைத் தாடியோடு சேர்த்துப் பிய்த்து, முகமூடியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு ஓடி வந்தார். றைஸா தண்ணீர் தெளித்தார். கண் திறந்த ஆசியா உம்மா மஸாஹிரை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளுக்கு ஆரு இரிக்கிறது?"

இந்த இடத்தில் மஸாஹிர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆசியா உம்மாவிடம் சொன்னது ஊருக்குச் சொன்னது. கருவாட்டுக்காரர் கன்னத்துக்கு லைட் பிடிக்கிறார் என்ற கதை அவருக்கு முன்னால் பஸ்ஸேறி ஆலங்குடாவில் இறங்கிவிடும்.

"ஒருத்தருமில்ல, உம்மா."

"ஒருத்தருமில்லையா?"

"ஸீரோ பல்ப் ஒண்டு எரிஞ்சது. சிவப்பு."

"பல்புக்குத் தாடி இரிக்குமா, மகன்?"

 ஆசியா உம்மா அவருடைய நெற்றியிலிருந்து கன்னம் வரை ஓடிய வார்த் தடத்தை விரலால் தொடாமல் காட்டினார். "அது ஒங்களப் புடிச்ச அடையாளம் இரிக்கு" என்றார்.

அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே மஸாஹிரின் வீட்டில் ஜின் வருகிறது என்ற செய்தி தெருவின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய தாடியில் எரிச்சல்கூட அடங்கவில்லை. மறுநாள் கடையில் சனம் கூடியது. வாங்க வந்தவர்கள் கொஞ்சம், பார்க்க வந்தவர்கள் அதிகம். ஒருவர் கருவாட்டைக் கையில் வாங்காமல் தராசிலேயே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

"ஓதிப் பாக்கிறதுதான் நல்லம், நானா," என்றார் றைஸா. "லெப்பை வந்து ஓதிட்டா சனத்துட மனசு ஆறும். ஒங்கட சாமானும் தப்பும்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பள்ளிவாசலில் ஓதும் அஹமட் லெப்பை வந்தார். பொய் சொல்லாதவர், புகழும் தேடாதவர். ஒவ்வோர் அறையிலும் உட்கார்ந்து ஓதினார், மூலைகளில் தண்ணீர் தெளித்தார். ஜன்னலுக்கு வெளியே தெருவே நின்றது. கடைசியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து சொன்னார்:

"இந்த வீட்டில ஒண்டுமில்ல. நல்ல காத்தோட்டமான வீடு."

மஸாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார். நினைத்ததோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆலங்குடாப் பயணம் நெருங்கியிருந்தது. கண்ணாடியில் வலது கன்னம் கொஞ்சம் தேறியதுபோலவும் இடது கன்னம் பின்தங்கியதுபோலவும் அவருக்குத் தெரிந்தது. இனி வீட்டில் வைத்துச் செய்ய முடியாது. முகமூடியைக் கருவாட்டுச் சாக்குக்குள் போட்டு வாடிக்குக் கொண்டு போனார். ஓலைக் கொட்டிலுக்குள், சுறா அடுக்கின் பின்னால் உட்கார்ந்து சிவப்பை அமத்தினார்.

மீன்பிடிக்கப் போயிருந்த சூசைப்பிள்ளை களப்பிலிருந்து வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது அந்த நேரம். ஓலை இடுக்கால் வெளிச்சம் தெரிகிறதே, வாடி பற்றிக்கொண்டதோ என்று நல்ல மனத்தோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு நல்ல மனத்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். வள்ளம் தானாகக் களப்புக்குள் போய்விட்டது. அதைப் பிடிக்க இன்னொரு வள்ளம் போக வேண்டியிருந்தது.

"லெப்பை சொன்னது சரி," என்று ஆசியா உம்மா தெருவுக்கு விளக்கினார். "வீட்டில ஒண்டுமில்ல. அது ஆளோட போகுது."

இதுதான் மஸாஹிரை விழுத்தியது. வீட்டு ஜின் என்றால் வீட்டோடு போய்விடும். ஆளோடு போகிற ஜின் என்றால் கதை வேறு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறவர். மஸாஹிர் போனால் பெட்டிக்குப் பின்னால் என்ன போகும் என்பதைத் தெருவில் எல்லோரும் மனத்துக்குள் கண்டுவிட்டார்கள்.

ஆசியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மகன், ஒங்கள நான் புள்ள மாதிரித்தான் நெனக்கிறன். ஆனா பொண்ணு வீட்டாருக்கு மறச்சுக் கலியாணம் பேசின பேர் எனக்கு வேணாம். உசனாருக்குச் சொல்லியனுப்பிட்டன்."

மஸாஹிர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குசினியும், நின்றுகொண்டு சாப்பிடும் சோறும் கண்ணில் வந்திருக்க வேண்டும். வெட்கத்தை ஒரு பக்கம் வைத்தார்.

"உம்மா, ஒரு உண்மை சொல்லுறன். ஜின்னுமில்ல ஒண்டுமில்ல. அது நான்தான்."

ஆசியா உம்மா ஓரடி பின்னால் வைத்தார்.

"நீங்க கண்ட சிவப்பு மொகம் நான். வாடியில சூசைப்பிள்ளை கண்டதும் நான்."

"அல்லாஹ்வே," என்றார் ஆசியா உம்மா மெதுவாக, அடுத்த வீட்டிலிருந்து வந்து நின்ற றைஸாவின் பக்கம் திரும்பி. "பாத்தீங்களா, புள்ள. இப்ப அவர்ர வாயால அது கதைக்குது."

"நான் காட்டுறன், இரிங்க." மஸாஹிர் முகமூடியை எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது வாசலில் ஆசியா உம்மாவின் ஒரு செருப்புத்தான் இருந்தது.

உசனாரிடமிருந்து பதில் வந்தது. ஒருக்கா வாங்க, நேரில் கதைப்போம் என்றிருந்தார். மரியாதையான மனிதர், வேண்டாம் என்பதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர். றைஸா கூடப் போனார். ஆசியா உம்மாவும் வந்தார், பேசியதை முறிப்பதற்கும் பேசியவர் இருக்க வேண்டும் என்பதால். ஓட்டோவில் அவர் றைஸாவை நடுவில் இருத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். மஸாஹிரின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் முகமூடி, நிறையச் சார்ஜ் ஏற்றியது.

"என்ன செய்யப் போறீங்க, நானா?" என்று றைஸா காதோடு கேட்டார்.

"எல்லாருக்கும் முன்னால போட்டுக் காட்டப் போறன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஜின்னுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. பைத்தியக்காரனுக்குச் சிலநேரம் குடுப்பாங்க."

றைஸா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

உசனாரின் வீடு கடற்கரை ஹோட்டல்களுக்குப் பின்னால் இருந்தது. கூரைக்கு மேலே, கடலில் பட்டம் கட்டிச் சறுக்கும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் காற்றை இழுத்துக்கொண்டு திரிந்தன. விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தார்கள். மூலையில் பாயில் உசனாரின் உம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அறை வாசலில் சீலை தொங்கியது. அதன் பின்னால் யாரோ நிற்பது சீலைக்குக் கீழே தெரிந்த கால்விரல்களில் தெரிந்தது.

தேநீர் வந்தது. கூட ஒன்றும் வரவில்லை. சம்மதமான வீட்டில் தேநீரோடு இனிப்பாக வட்டிலாப்பம் வரும். வெறும் பிளேன்டியைக் கண்டதுமே ஆசியா உம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"மஸாஹிர் நானா," என்று உசனார் தொடங்கினார். "ஒங்களப் பத்தி நல்லாத்தான் விசாரிச்சன். கடை, நடத்த, எல்லாம் நல்லம். தங்கச்சிக்கும் விருப்பம்தான். ஆனா நம்மட வழக்கம் தெரியும்தானே. நீங்கதான் இங்க வாறது. நீங்க வந்தா ஒங்களோட வாறதும் வரும்."

"அது வந்து, தம்பி..."

"ஏற்கனவே இந்த வீட்டில..." என்ற உசனார் அறைச் சீலையைப் பார்த்துவிட்டுப் பேச்சை விழுங்கினார். "வேணாம், நானா. எங்களால தாங்கேலாது. மனசில வச்சுக்கொள்ளாதீங்க."

சீலைக்குக் கீழே இருந்த கால்விரல்கள் மடங்கின.

மஸாஹிர் தேநீரைக் கீழே வைத்தார். பைக்குள் கையை விட்டார். ஆசியா உம்மா கதிரையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, ஒரு சாமான் காட்டோணும். கண்டா நீங்க எல்லாரும் சிரிப்பீங்க. நான் வயசுக்கேத்த புத்தியில்லாம ஒரு வேல செஞ்சுபோட்டன். உள்ளுக்கு நிக்கிறவங்களும் கேட்டுக்கொள்ளட்டும். நனஞ்ச கருவாட்டக் காஞ்சதெண்டு ஒருக்கா விக்கப் பாத்தன், அது புடிபட்டிச்சு. இதையும் மறைக்க ஏலாது."

அவர் பையிலிருந்து கையை எடுப்பதற்குள் மூலையில் வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது.

"ஒருக்கா நில்லுங்க, மகன்," என்றார் உசனாரின் உம்மா. "அது எந்த நேரத்தில வாறது?"

"என்னது, உம்மா?"

"ஒங்களோட வாறது."

மஸாஹிர் கொஞ்சம் தடுமாறினார். "அஸருக்குப் பொறகு."

"மஃரிபுக்குப் போயிடுமா?"

"ஓம்."

"என்ன நெறம்?"

"சிவப்பு."

அறைக்குள் ஏதோ கைநழுவி விழுந்து சீமெந்துத் தரையில் உருண்டு போனது. உசனார் அவசரமாக எழும்பினார். "உம்மா, நீங்க சும்மா இரிங்க. இதக் கதைக்கிற இடமா இது?"

உம்மா சும்மா இருக்கவில்லை. இடித்த வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, நெடுநாள் மனப்பாரம் குறைந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். உள்பக்கம் திரும்பி, மூடி வைத்திருக்கும் வட்டிலாப்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு மஸாஹிரை அன்போடு பார்த்துச் சொன்னார்:

"வாங்க மகன், பரவாயில்ல. எங்கட றிஸ்மினாட அறையில அஸருக்குப் பொறகு வாறது நீலம்."